ஓரம் நீக்கிய பிரெட்டும் ஜப்பானிய சாண்ட்விச்சும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், நம் நகரங்களில் புதிதாகத் திறக்கப்படும் ஜப்பானியப் பாணி சாண்ட்விச் கடைகளைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இம்மாதப் பக்கங்களை நிறைத்துவிட்டன. மற்றப் பொருள்களைப் பற்றி எழுதியவர்களுக்கு அடுத்த இதழில் பதில் வரும்.

சென்னை அண்ணா நகரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்: எங்கள் பகுதியில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு கஃபேக்குப் பேத்தி அழைத்துப் போனாள். ஓரம் வெட்டிய வெள்ளை பிரெட்டுக்குள் முட்டையை வைத்து ‘சாண்டோ’ என்று கொடுத்தார்கள். ஒரு முழுச் சாப்பாட்டின் விலையை வாங்கிக்கொண்டார்கள். இதில் அப்படி என்னதான் இருக்கிறது? மறுபடியும் போனால் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

அம்மா, சாண்ட்விச்சைத்தான் ஜப்பானியர் ‘சாண்டோ’ என்று சுருக்கிச் சொல்கிறார்கள். விலை கொடுக்கத் தகுந்த பொருள் அந்த சாண்ட்விச்சின் நடுவில் இல்லை. மேலும் கீழும் இருக்கும் பிரெட்டில்தான் இருக்கிறது. ஜப்பானியர் ஷோகுபான் என்று அழைக்கும் அந்த வெள்ளை பிரெட், மூடி போட்ட சதுரத் தகரப் பெட்டியில் வைத்துச் சுடப்படுவது. மேலே உப்பி எழ இடமில்லாததால் மாவு நான்கு மூலைகளையும் நிறைத்துக்கொண்டு, மிக நுண்ணிய துளைகளோடு, சீரான சதுரமாக வெந்து வருகிறது. பாலும் வெண்ணெயும் சிறிது சர்க்கரையும் சேர்வதால் மெல்லிய இனிப்பு இருக்கும். ஆனால் பன் போல இனிக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் குழிந்து, விரலை எடுத்ததும் பழைய நிலைக்கு மீள வேண்டும். வாயில் போட்டதும் மேலண்ணத்தில் பசை போல ஒட்டிக்கொண்டால், அது வெறும் மென்மைக்காக ஏதேதோ சேர்த்துச் செய்த பிரெட் என்று தயங்காமல் முடிவு செய்யலாம்.

ஜப்பானில் இந்தப் பிரெட்டை எத்தனை துண்டாக வெட்டியிருக்கிறது என்பதைக் கேட்டே வாங்குவார்கள். ஒரு ‘கின்’ என்பது அவர்களுடைய அளவு. குறைந்தது 340 கிராம் எடை இருந்தால்தான் அப்பெயரில் விற்கலாம். அதை ஆறாக வெட்டினால் ஒரு துண்டு ஏறத்தாழ 2 செ.மீ. தடிமன் இருக்கும், எட்டாக வெட்டினால் 1.5 செ.மீ. ஒசாகா, கியோட்டோ பக்கத்தார் டோஸ்ட்டுக்குத் தடித்த துண்டையே விரும்புவார்கள். டோக்கியோ பக்கத்தில் மெல்லிய துண்டுகள் அதிகம் விற்கின்றன. சாண்ட்விச்சுக்கு எட்டுத் துண்டோ பத்துத் துண்டோதான் பொருத்தம். நம் ஊர்க் கடைகள் சில, படத்தில் பிரமாண்டமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக டோஸ்ட் தடிமனில் வெட்டி, உள்ளே மூன்று விரற்கடை உயரத்துக்கு முட்டையை அடைத்துத் தருகின்றன. அதை வாயைத் திறந்து கடிக்க முடியாது; முதல் கடியிலேயே உள்ளிருப்பது பின்பக்கம் வழியாகத் தட்டில் விழுந்துவிடும்.

அடுத்த முறையும் முட்டை சாண்டோவையே கேளுங்கள் என்றுதான் சொல்வேன். ஒளிந்துகொள்ள இடமில்லாத பண்டம் அது. கடையின் கைத்திறன் அதில் அப்படியே தெரிந்துவிடும். டோக்கியோ வழக்கில், வேகவைத்த முட்டையை மசித்து மயோனைஸ் சேர்த்துப் பிசைவார்கள். ஒசாகா, கியோட்டோ வழக்கில், மீன்சாறு கலந்த முட்டையைத் தடித்த ஆம்லெட்டாக வார்த்துச் சூட்டோடு பிரெட்டுக்குள் வைப்பார்கள். சில கடைகளில் பிரெட்டில் மெல்லக் கடுகு விழுதும் தடவுவார்கள். இரண்டில் எது கிடைத்தாலும், வெட்டிய முகத்தைக் கவனியுங்கள். மசித்த முட்டையில் மஞ்சள் கரு முழுதும் கரைந்து களியாகியிருக்க, வெள்ளைக் கரு சிறு சிறு துண்டுகளாகத் தனித்துத் தெரிய வேண்டும். தண்ணீர் கசிந்து பிரெட்டின் உள்பக்கம் ஈரமாகியிருந்தால், அது காலையில் செய்து அடுக்கி வைத்த சரக்கு.

விலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டோக்கியோவின் டொயோசு பகுதியில் 1974-ஆம் ஆண்டு செவன்-லெவன் என்ற சிறுகடைத் தொடர் நிறுவனம் ஜப்பானில் தன் முதல் கடையைத் திறந்தது. அதுபோன்ற கடைகள் நாடெங்கும் பெருகிய பின், முட்டை சாண்ட்விச் அங்கே அலுவலகத்துக்குப் போகிறவர்கள் காலையில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் எளிய உணவாகிவிட்டது. நம் ஊரில் அதையே விருந்தாக்கி விற்கிறார்கள் என்ற தங்கள் மனக்குறை நியாயமானது. பிரெட்டைக் கடையிலேயே சுடுகிறார்களா என்று பணிவோடு கேளுங்கள். ஆம் என்றால், அந்த உழைப்புக்குக் கொடுக்கும் விலை தவறில்லை. வெளியிலிருந்து வாங்கிய சாதாரண பிரெட்டின் ஓரத்தை வெட்டிவிட்டு அதே விலை கேட்டால், தாங்கள் மறுபடியும் அங்கே போக வேண்டிய அவசியமில்லை.

கோயம்புத்தூரிலிருந்து வீட்டிலேயே பேக்கிங் செய்து விற்கும் வாசகி: அந்தப் பிரெட்டின் மென்மை எனக்கு எவ்வளவு முயன்றாலும் வரவில்லை. முட்டை, வெண்ணெய் எல்லாம் கூட்டிப் பார்த்தேன். கேக் போல ஆகிறதே தவிர அந்த இழுபடும் தன்மை வரவில்லை. ரகசியம் என்ன?

வெண்ணெயைக் கூட்டுவதால் அது வராது. மாவின் ஒரு பகுதியைக் கொதிநீரில் முன்கூட்டியே வேகவைப்பதில்தான் இருக்கிறது. ஜப்பானில் யுதானே என்று சொல்லும் முறையில், மாவும் கொதிக்கும் நீரும் சம எடையில் கலந்து, மூடி, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறார்கள். கோதுமை மாவின் ஸ்டார்ச் ஏறத்தாழ 65 டிகிரி வெப்பத்தில் நீரை இழுத்துக்கொண்டு கூழாகிறது. அப்படிக் கூழான மாவு, சாதாரண மாவைவிடப் பல மடங்கு நீரைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த நீர் அடுப்பில் முழுதும் ஆவியாகிவிடாமல் பிரெட்டுக்குள்ளேயே தங்குவதால்தான் அது மறுநாளும் வறளாமல் இருக்கிறது. அரிசிமாவில் கொதிநீர் ஊற்றிக் கிளறி இடியாப்பம் பிழிகிற நம் பெண்களுக்கு இந்தத் தத்துவத்தை யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஒரு கின் பெட்டிக்கான அளவைச் சொல்கிறேன். முதல் நாள் இரவு 50 கிராம் மாவில் 50 கிராம் கொதிநீரை ஊற்றிக் கரண்டியால் வேகமாகக் கிளறி மூடி வையுங்கள். மறுநாள் அதைச் சிறு துண்டுகளாகப் பிய்த்துப் போட்டு, 200 கிராம் மாவு, 15 கிராம் சர்க்கரை, 4 கிராம் உப்பு, 3 கிராம் உலர் ஈஸ்ட், சுமார் 140 மில்லி பால் சேர்த்துப் பிசையுங்கள். பாலை ஒரேயடியாக ஊற்றாமல் மாவு கேட்பதைப் பார்த்து ஊற்ற வேண்டும். மாவு ஒன்றுசேர்ந்து மிருதுவான பிறகே 15 கிராம் வெண்ணெயைச் சேருங்கள். முதலிலேயே சேர்த்தால் மாவின் இழை பிடிப்பதை அது தடுக்கும். ஒரு சிறு உருண்டையை எடுத்து இரு கை விரல்களாலும் மெல்ல இழுத்தால், கிழியாமல், மறுபக்கம் விரல் நிழல் தெரியும் அளவுக்குச் சவ்வு போல விரிய வேண்டும். அந்த நிலை வரும்வரை பிசைவதை நிறுத்தாதீர்கள். தாங்கள் தேடும் இழுபடும் தன்மை அங்கேதான் பிறக்கிறது.

மாவைப் பற்றியும் ஒரு சொல். நம் மைதாவில் புரதம் பொதுவாகக் குறைவு. பொட்டலத்தின் பின்பக்கத்தில் 100 கிராமுக்கு 12 கிராம் அளவில் புரதம் போட்டிருக்கும் பிரெட் மாவைத் தேடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒரு கப் மைதாவுக்கு ஒரு தேக்கரண்டி குளூட்டன் பொடி கலந்துகொள்ளலாம். இரண்டாம் முறை உப்பும்போது பெட்டியின் எண்பது விழுக்காடு உயரம் வந்ததும் மூடியைத் தள்ளி மூடி, 190 முதல் 200 டிகிரியில் ஏறத்தாழ அரை மணி நேரம் சுடுங்கள். வெளியே எடுத்தவுடன் பெட்டியை மேசை மேல் ஒரு முறை ‘தொப்’ என்று தட்டிப் போடுவதை மறக்காதீர்கள். உள்ளே சிக்கிய நீராவி அந்த அதிர்ச்சியில் வெளியேறிவிடும். இல்லாவிட்டால் ஆறும்போது பிரெட்டின் இடுப்பு உள்வாங்கிவிடும். முழுதும் ஆறும்வரை கத்தி வைக்கக் கூடாது. முட்டை தேவையே இல்லை.

திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: கட்லெட்டை பிரெட்டுக்குள் வைத்து ‘காட்சு சாண்டோ’ என்கிறார்களே, இது உண்மையிலேயே ஜப்பானிய உணவா, அல்லது நம் காலத்து கஃபேக்களின் கண்டுபிடிப்பா?

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வயதான உணவு அது. டோக்கியோ கின்சாவில் 1895-இல் தொடங்கிய ரெங்காதேய் என்ற உணவகம், ஐரோப்பியக் கட்லெட்டைப் பன்றியிறைச்சியில் செய்து நிறைய எண்ணெயில் பொரித்துக் கொடுக்கத் தொடங்கியது 1899-இல். பொடியாக நறுக்கிய பச்சை முட்டைக்கோஸை அதனுடன் வைக்கும் வழக்கத்தையும் அந்தக் கடையோடுதான் சேர்த்துச் சொல்வார்கள். அந்தக் கட்லெட்டை பிரெட்டுக்குள் வைத்த பெருமையை, உவேனோ பகுதியில் 1930-இல் தொடங்கிய இசென் என்ற கடை கொண்டாடுகிறது. அக்கம்பக்கத்தில் இருந்த கெய்ஷா கலைஞர்கள், இதழில் தீட்டிய சாயம் கலையாமல் சாப்பிட வேண்டும் என்பதற்காக, அக்கடையின் உரிமையாளர் அம்மையார் 1935-இல் சிறிய அளவில் பிரெட் செய்வித்து இதை உருவாக்கினார் என்பது கடையின் வரலாறு. காட்சு சாண்டோ ஏன் சிறியதாகவும், ஓரம் நீக்கியதாகவும், இரண்டு கடியில் முடிவதாகவும் இருக்கிறது என்ற கேள்விக்கும் இதுவே விடை.

நம் ஊரில் பெரும்பாலும் கோழிக்கறியில் செய்கிறார்கள். அதில் குறை ஒன்றுமில்லை. கவனிக்க வேண்டியது மேல்மாவைத்தான். பான்கோ எனப்படும் ஜப்பானிய பிரெட் தூள், பல ஆலைகளில், அடுப்பில் சுடாமல் மின்சாரத்தை மாவினூடே செலுத்தி வேகவைத்த பிரெட்டிலிருந்து செய்யப்படுவது. அதனால் அந்தப் பிரெட்டுக்குப் பழுப்பு ஓடே இல்லை. துருவினால் செதில் செதிலாக உதிரும். அந்தச் செதில்கள் எண்ணெயை அதிகம் குடிக்காமல் மொறுமொறுவென்று நிற்கும். ரஸ்க் தூளில் புரட்டிப் பொரித்ததை ‘காட்சு’ என்று கொடுத்தால் முதல் கடியிலேயே தெரிந்துவிடும். பழம், காய்கறி, வினிகர், மசாலா சேர்த்த அந்தக் கெட்டியான கறுப்புச் சாஸைக் கட்லெட்டின் மேல்தான் தடவ வேண்டும். அது சற்று ஊறிய பிறகு சாப்பிட்டாலும் சுவைதான். ரயில் பயணத்துக்கு அட்டைப் பெட்டியில் வாங்கிப் போகிறவர்கள் அங்கே ஏராளம்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்: என் மனைவிக்கு ஸ்ட்ராபெர்ரியும் கிரீமும் வைத்த சாண்ட்விச் மிகவும் பிடிக்கிறது. எனக்கோ இதைச் சாப்பாட்டு வேளையில் உண்பது விநோதமாகத் தோன்றுகிறது. கேக் என்றே விற்றுவிடலாமே?

கேக் இல்லை, ஐயா. பழம் விற்கும் கடைகளில் பிறந்தது அது. டோக்கியோவின் செம்பிகியா 1834-லும், கியோட்டோவின் யாவோயிசோ 1869-லும், டோக்கியோ ஷின்ஜுகு பகுதியின் டாகானோ 1885-லும் தொடங்கிய கடைகள். உயர்ந்த ரகப் பழங்களை விற்ற இத்தகைய கடைகள் பின்னாளில் தங்கள் பழத்தைத் தட்டில் வைத்துப் பரிமாறும் சிற்றுண்டிச் சாலைகளையும் நடத்தின. பழ சாண்ட்விச்சை முதலில் செய்தது எந்தக் கடை, எந்த ஊர் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அது பழத்துக்காக உண்டான பண்டம் என்பதில் ஐயமில்லை. ஆகவே கிரீமில் சர்க்கரை குறைவாகவே இருக்க வேண்டும். பழம் அந்தந்தப் பருவத்தில் விளைந்ததாக, கனிந்ததாக இருக்க வேண்டும். வெட்டும் கோட்டை முன்கூட்டியே மனத்தில் வைத்துப் பழத்தை அடுக்கி, இறுகச் சுற்றிக் குளிரவைத்து, கத்தியை ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு வெட்டினால்தான் அந்த அழகான முகம் கிடைக்கும். மாம்பழக் காலத்தில் தாங்களே ஒரு முறை வீட்டில் செய்து பாருங்கள். நார் இல்லாத, புளிப்பு எட்டிப் பார்க்கும் மாம்பழத்துக்கும் இனிப்புக் குறைந்த கிரீமுக்கும் உள்ள பொருத்தம் ஸ்ட்ராபெர்ரிக்கு வராது என்பது என் தீர்மானமான கருத்து.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: நாங்கள் சைவம், என் மகன் மட்டும் முட்டை சாப்பிடுவான். இத்தகைய கடைகளில் ‘வெஜ்’ என்று போட்டிருப்பதை நம்பி உண்ணலாமா?

தாங்கள் கேட்டது மிக முக்கியமான கேள்வி. ஜப்பானியச் சமையலில் மீன் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். தாஷி எனப்படும் அடிப்படைச் சாறு பெரும்பாலும் கட்சுவோபுஷி என்ற காய்ந்த மீனைச் சீவிப் போட்டு எடுப்பது. நம் தென்கடற்கரைப் பக்கத்திலும் இலங்கையிலும் பயன்படும் மாசியும் அதே சூரை மீனை வேகவைத்து உலர்த்திச் செய்வதுதான் என்பதால், அதன் மணம் தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். தடித்த ஆம்லெட் சாண்டோவில் இந்தச் சாறு இருக்கக்கூடும்; எனவே தங்கள் மகன் முட்டை உண்பவர் என்பதற்காக மட்டும் அதை வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம். மேலே தூவும் ஃபுரிகாகே பொடியிலும் மீன் சீவல் இருப்பது வழக்கம். மிசோ விழுது சோயாவில் செய்ததே ஆனாலும், சில வகைகளில் மீன்சாற்றை முன்பே கலந்து விற்கிறார்கள். ஜப்பானிய ஆயத்தக் குழம்புக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ உண்டு. வூஸ்டர் சாஸின் சில வகைகளில் நெத்திலி சேரும். 1925-இலிருந்து விற்பனையில் உள்ள கியூபி மயோனைஸ் மஞ்சள் கருவில் செய்தது. முட்டையும் கூடாதவர்கள் அதையும் தவிர்க்க வேண்டும்.

ஆகவே ‘வெஜ்தானே?’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ‘மீன்சாறு, மீன் சீவல், முட்டை மயோனைஸ் ஆகியவை உள்ளனவா? பொரிக்கும் எண்ணெய் தனியா?’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அக்கறையுள்ள கடைக்காரர் உள்ளே போய்ப் பொட்டலத்தையே எடுத்து வந்து காட்டுவார். கொம்பு என்ற கடற்பாசியும் ஷீட்டாகே காளானும் சேர்த்து எடுக்கும் சாறு முழுச் சைவம். பௌத்த மடங்களின் சமையல் அதைக் கொண்டே நடக்கிறது. பான்கோவில் புரட்டிப் பொரித்த கத்தரிக்காய், டோஃபு, உருளைக்கிழங்குக் கட்லெட் ஆகியவற்றை வைத்துச் செய்யும் சாண்டோக்கள் நன்றாகவே இருக்கும். ஆனால் மேல்மாவு ஒட்டுவதற்கு முட்டையில் தோய்த்தார்களா என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெங்களூரிலிருந்து ஒரு வாசகர்: இட்லிப் பொடி முட்டை சாண்டோ, சிக்கன் 65 சாண்டோ, கிம்ச்சி பனீர் சாண்டோ என்றெல்லாம் பட்டியலில் பார்த்தேன். ‘ஃபியூஷன்’ என்ற பெயரில் இப்படிக் கலப்பது ஜப்பானியச் சமையலுக்குச் செய்யும் அவமரியாதை இல்லையா? தாங்கள் இதை ஆதரிக்கிறீர்களா?

கலப்பதை ஆதரிக்கிறேன். எதையும் எதனோடும் கலப்பதை ஆதரிக்கவில்லை.

ஜப்பானில் பிரெட்டின் வரலாறே கலப்பின் வரலாறு. மேல்நாட்டு பிரெட் அங்கே யாருக்கும் பிடிபடாமல் இருந்த காலத்தில், டோக்கியோவின் கிமுராயா கடை 1874-இல், மதுவுக்குப் பயன்படும் அரிசி நொதியால் மாவைப் புளிக்கவைத்து, உள்ளே இனிப்புப் பயறு விழுதை வைத்து ஒரு பன் செய்தது. மறு ஆண்டு அது மெய்ஜி பேரரசருக்கே படைக்கப்பட்டது. நகோயாவில் டோஸ்ட்டின் மேல் வெண்ணெயும் அதே பயறு விழுதும் தடவிக் காபியோடு உண்பது இன்றும் காலை வழக்கம். 1927-இல் டோக்கியோவின் ஒரு பேக்கரி, மாவுக்குள் கறிக் குழம்பை வைத்துப் பொரித்துக் கறி பன்னை உண்டாக்கியது என்பார்கள்.

அதே 1927-இல் நடந்த இன்னொன்று நம்மைத் தொடுவது. ஷின்ஜுகுவில் இருந்த நகமுராயாவும் ஒரு பேக்கரிதான். சோமா தம்பதியர் 1901-இல் தொடங்கியது. பிரிட்டிஷ் அரசால் தேடப்பட்ட இந்தியப் புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸை 1915-இல் ஒளித்து வைத்துக் காத்தவர்கள் அவர்கள். 1918-இல் தங்கள் மகள் தோஷிகோவையும் அவருக்கு மணமுடித்துக் கொடுத்தார்கள். அந்த மருமகன் சொல்லிக் கொடுத்த முறையில், மாவு சேர்த்துக் குழைக்காத இந்தியக் கோழிக் குழம்பு 1927-இல் அக்கடையின் பட்டியலில் ஏறியது. இன்றும் அங்கே கிடைக்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, திருவனந்தபுரத்தைச் சேர்ந்த விடுதலைப் போராளி ஏ. எம். நாயர் கின்சாவில் தம் உணவகத்தைத் திறந்தார். நம் மசாலாவை ஜப்பானியர் நூறு ஆண்டுகளாகச் சொந்தமாக்கிக்கொண்டு உண்ணும்போது, அவர்களுடைய பிரெட்டில் நாம் இட்லிப் பொடியைத் தூவுவதை அவமரியாதை என்று எப்படிச் சொல்வது?

ஆனால் நான் குறிப்பிட்ட எல்லோரும் தாங்கள் எடுத்துக்கொண்ட பொருளின் இயல்பை அறிந்து கலந்தவர்கள். சாண்டோவின் இயல்பு மென்மை, அடக்கம், ஈரக்கட்டுப்பாடு. இட்லிப் பொடி அதற்குப் பொருந்துகிறது. ஏனென்றால் அது உலர்ந்தது, எள்ளும் வறுத்த பருப்பும் கொண்டது. அண்மையில் நான் போயிருந்த ஒரு சிறு கடையில், மசித்த முட்டையில் பொடியைக் கலக்காமல், பிரெட்டின் உள்பக்கம் தடவிய வெண்ணெயின் மேல் மெல்லத் தூவியிருந்தார்கள். முதலில் பால் மணமும் முட்டையும் வந்து, விழுங்கிய பின் எள்ளும் மிளகாயும் மெதுவாக எழுந்தன. அந்த ஒரு சாண்டோவைச் செய்தவருக்கு இரண்டு ஊர்ச் சமையலும் தெரியும். அவரைப் பாராட்டிவிட்டே வந்தேன்.

சிக்கன் 65-ஐப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. அதன் காரமும் எண்ணெயும் கறிவேப்பிலையும் தம்மளவில் முழுமையான சுவை. அதற்குப் பரோட்டாவோ சோறோ ஈடுகொடுக்கும், இந்தப் பிரெட் ஈடுகொடுக்காது. இரண்டு நிமிடத்தில் எண்ணெய் ஊறிச் செந்நிறமாகிவிடும். புதினாச் சட்னி, தக்காளித் தொக்கு போன்ற நீர்ப்பதமானவற்றுக்கும் அதே தொல்லை. கிம்ச்சி கொரிய உணவு. பிழிந்து ஈரத்தை நீக்கிவிட்டால் பனீரோடு நன்றாகச் சேரும். ஆனால் அதை ஜப்பானியம் என்று பட்டியலில் எழுதுவது இரண்டு நாட்டாருக்கும் செய்யும் பிழை. கொரிய மிளகாய் விழுது, தாய்லாந்துச் சாஸ், ஜப்பானிய மயோனைஸ் மூன்றையும் ஒரே சாண்ட்விச்சில் ஊற்றி ‘ஆசியச் சுவை’ என்று விற்கும் கடையைக் கண்டால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஒரு சாண்டோவுக்கு உரத்த சுவை ஒன்று போதும். யூசு எலுமிச்சையோ, மிசோவோ, நம் மிளகோ, ஏதேனும் ஒன்று.

புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகி: ஐந்து மாதக் கர்ப்பமாக இருக்கிறேன். நடுவில் மஞ்சள் கரு கூழாக ஒழுகும் முட்டை சாண்டோவைச் சாப்பிடலாமா?

இப்போது வேண்டாம், அம்மா. ஜப்பானில் முட்டைகளைக் கழுவித் தரம் பிரித்து, பச்சையாக உண்பதற்கு ஏற்ற கால வரம்பைக் கணக்கிட்டு நாள் குறித்து விற்கிறார்கள். அந்த ஏற்பாட்டை நம்பியே அவர்கள் அரைவேக்காட்டு முட்டையை உண்கிறார்கள். நம் கடைகளுக்கு வரும் முட்டைக்கு அத்தகைய உறுதி கிடையாது. சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். வெள்ளையும் மஞ்சளும் முழுதும் கெட்டியாக வெந்த முட்டையில் செய்து தரச் சொல்லுங்கள். மயோனைஸ் கடையிலேயே பச்சை முட்டையில் அடித்ததா, ஆலையில் தயாரித்ததா என்றும் கேளுங்கள்; முன்னதாக இருந்தால் அதையும் தவிர்த்துவிடுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: வசாபி போட்ட சாண்ட்விச் என்று வாங்கினேன். மூக்கில் ஏறியதே தவிர வேறு சுவை தெரியவில்லை. வசாபி என்றாலே அப்படித்தானா?

தாங்கள் உண்டது பெரும்பாலும் வசாபியாக இருக்காது. குழாயிலும் பொடியாகவும் விற்பதில் பெரும்பகுதி, ஹார்ஸ்ரேடிஷ் என்ற காரக் கிழங்கோடு கடுகும் பச்சை நிறமும் சேர்த்தது. உண்மையான வசாபித் தண்டைத் துருவினால் மெல்லிய இனிப்போடு மணம் வரும்; கால் மணி நேரத்துக்குள் அந்த மணம் தணிந்துவிடும். விலையும் மிக அதிகம் என்பதால் சாண்ட்விச்சில் அதை எதிர்பார்க்க முடியாது. மயோனைஸில் சிறிதளவு கலந்து வெள்ளரிக்காயோடு கொடுத்தால் இந்தப் போலி வசாபியும் இதமாகவே இருக்கும். தங்கள் கடைக்காரர் அளவு மீறிவிட்டார்.

சேலத்திலிருந்து ஒரு குடும்பத் தலைவி: வெளியூரிலிருந்து என் கணவர் ஆறு சாண்டோக்களை பார்சல் வாங்கி வந்தார். மறுநாள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தபோது பிரெட் கட்டையாகிவிட்டது. எப்படி வைத்திருக்க வேண்டும்? வெட்டிய ஓரங்களைக் கடைகள் என்ன செய்கின்றன?

பிரெட் மிக வேகமாகக் கெட்டிப்படுவது குளிர்சாதனப் பெட்டியின் குளிரில்தான். வெந்து கூழான ஸ்டார்ச் அந்த வெப்பநிலையில் விரைவாக மீண்டும் இறுகிவிடுகிறது. ஆனால் முட்டையும் கிரீமும் கறியும் வைத்ததை வெளியே வைத்திருக்கவும் கூடாது. எனவே சாண்டோவை வாங்கிய அன்றே, நம் வெயிலுக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே சாப்பிட்டுவிடுவது நல்லது. ஒரு வேளை வைத்தே ஆகவேண்டும் என்றால், காற்றுப் புகாமல் இறுகச் சுற்றி, அதன்மேல் ஒரு துணித் துண்டைப் போர்த்திக் குளிர் குறைவான அடுக்கில் வையுங்கள். காட்சு வகையை மட்டும் தோசைக்கல்லில் மிதமான சூட்டில் இரு பக்கமும் வாட்டினால் ஓரளவு மீளும். உள்ளே எதுவும் வைக்காத பிரெட்டைத் துண்டு போட்டு உறைபெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். எடுத்தவுடன் நேராக டோஸ்டரில் போடலாம்.

ஓரங்களை ஜப்பானிய பேக்கரிகள் தனியே பையில் போட்டு மிகக் குறைந்த விலைக்கு விற்பதுண்டு. வாங்கிப் போகிறவர்கள் அவற்றை எண்ணெயில் பொரித்தோ வெண்ணெயில் வறுத்தோ சர்க்கரையில் புரட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். தாங்களும் வீட்டில் ஓரம் வெட்டினால், விரல் நீளத் துண்டுகளாக்கி, ஒரு நாள் உலரவிட்டு, குறைந்த தீயில் வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, சர்க்கரையோடு சிறிது ஏலப்பொடியும் சேர்த்துப் புரட்டி வையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் மொறுமொறுப்பு குறையாது.